எரிமலைகளின் நடுவே ஒரு பகல்: டோங்காரிரோ நடைக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

நியூசிலாந்தின் வடக்குத் தீவில், தவுப்போ ஏரிக்குத் தெற்கே மூன்று எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன: டோங்காரிரோ, ஙாவுருஹோய், ருவாபெஹு. முதல் இரண்டுக்கும் நடுவே ஏறி, டோங்காரிரோவின் தோளைத் தாண்டி, மறுபக்கம் காட்டுக்குள் இறங்கும் பாதைதான் டோங்காரிரோ ஆல்பைன் கிராஸிங். ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஏழெட்டு மணி நேரம் பிடிக்கும். ஒரே பகலில் உறைந்த லாவா, சிவந்த எரிமலை வாய், ஆவி கக்கும் மண், பச்சை ஏரிகள் எல்லாவற்றையும் காலால் நடந்து பார்த்துவிடலாம். இதற்காகவே ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வருகிறார்கள்.

கூட்டம் அதிகம் என்பதாலேயே இதைப் பூங்கா நடை என்று நினைத்து வருபவர்களும் அதிகம். ஜீன்ஸும் கான்வாஸ் ஷூவுமாக, கையில் அரை லிட்டர் பாட்டிலோடு வந்து பாதி வழியில் நடுங்குபவர்களைக் கோடையிலும் பார்க்கலாம். நடை அப்படியொன்றும் கடினமில்லை. ஆனால் காற்றும் மேகமும் திடீரென்று மாறிவிடும். அதனால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஒரு நாள் நடைக்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். கீழே வரும் மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். ஒரே ஒரு நாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வருபவர்தான் போகக் கூடாத வானிலையிலும் போகத் துணிகிறார்.

எப்போது போகலாம்

அங்கே பருவங்கள் நமக்குத் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. வழக்கமான நடைக்காலம் அக்டோபர் கடைசியில் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை நீளும். என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச் மாதங்களைச் சொல்வேன். பனி முழுக்கக் கரைந்திருக்கும், பகலும் நீளமாக இருக்கும், கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டமும் குறைந்திருக்கும். அக்டோபர், நவம்பரில் மேலே பனி மிச்சமிருக்க வாய்ப்பு உண்டு.

மே முதல் அக்டோபர் வரை இது வேறு பயணம். பாதை பனிக்குள் மறைந்துவிடும், பனிச்சரிவு அபாயம் உண்டு, பனிக்கோடரியும் காலணியில் மாட்டும் முள்தகடும் வேண்டும். பனிமலை அனுபவம் இல்லாதவர்கள் அந்த மாதங்களில் கைடு இல்லாமல் கால் வைக்கவே கூடாது.

கைடு வேண்டுமா?

கோடையில், வானம் தெளிவாக இருக்கும் நாளில், மலையில் நடந்து பழகியவருக்குக் கைடு தேவையில்லை. பாதை தெளிவாக இருக்கிறது, வழிநெடுக ஆட்களும் இருப்பார்கள். காலையில் கொண்டுபோய் விடும் ஷட்டில் வேன் ஒன்றே போதும்.

முதன்முறை மலையேறுபவர், தனியாக வருபவர், வயதான பெற்றோரையோ பதின்வயதுப் பிள்ளைகளையோ அழைத்து வருபவர், கோடைக்கு முன்பின்னாக வருபவர் என்றால் கைடோடு போவதே நல்லது. செலவு கூடும்தான். ஆனால் வழிகாட்டுவதற்கு மட்டும் நீங்கள் பணம் கொடுப்பதில்லை. “இன்றைக்கு வேண்டாம்”, “இதோடு திரும்புவோம்” என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள். அந்த முடிவை எடுக்கப் புதியவருக்கு அனுபவம் போதாது. ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற எண்ணம் கண்ணை மறைக்கும். கைடுக்கு அந்த மறைப்பு கிடையாது, நாளைக்கும் அவர் வரப்போகிறவர்தானே. அதோடு குழுவின் வேகத்தையும் அவரே பார்த்துக்கொள்வார். நம்மவர்கள் முதல் ஒரு மணி நேரம் ஓடி, மூன்றாவது மணியில் உட்கார்ந்துவிடுவது வழக்கம்.

முன்பதிவு செய்யும் முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். இது தேசியப் பூங்கா. இங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை அழைத்துப் போக நியூசிலாந்து இயற்கைப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். அந்தத் துறையை அங்கே எல்லாரும் ‘டாக்’ என்றே சொல்வார்கள். அந்த அனுமதி இருக்கிறதா? ஒரு கைடுக்கு எத்தனை பேர்? வானிலையால் ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா, அல்லது தாழ்வான வேறு பாதைக்கு அழைத்துப் போவார்களா? மழைச்சட்டை, ஊன்றுகோல், குளிர்காலமானால் பனிக்கோடரி இதெல்லாம் கட்டணத்தில் அடங்குமா? குழுவில் ஒருவர் மட்டும் திரும்ப வேண்டியிருந்தால் யார் கூட வருவார்கள்? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராத நிறுவனத்தை நான் தவிர்ப்பேன்.

எரிமலை அபாயத்தைப் பற்றியும் நேராகக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். 2019 டிசம்பர் 9 அன்று இதே நாட்டின் வக்காரி தீவில், சுற்றுலாக் குழுக்கள் எரிமலை வாய்க்கருகே நின்றிருந்த நேரத்தில் வெடிப்பு நிகழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அவர்களும் கைடோடு போனவர்கள்தான். அதனால் கைடு இருந்தால் ஆபத்தே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அபாயத்தை மறைக்காமல் சொல்லும் நிறுவனமே நம்பத் தகுந்தது.

விமான நிலையத்திலேயே தொடங்கும் விஷயம்

நியூசிலாந்தின் உயிரியல் பாதுகாப்புச் சோதனை மிகக் கறார். ஏற்கெனவே நடந்து பழகிய மலைக்காலணியைத்தான் கொண்டுபோக வேண்டும், ஆனால் அதன் அடியில் துளி மண்கூட ஒட்டியிருக்கக் கூடாது. ஊரிலேயே பல்துலக்கும் பிரஷால் தேய்த்துக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். வருகைப் படிவத்தில் பயன்படுத்திய மலைக்காலணி இருக்கிறது என்று குறிப்பிடுங்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், முறுக்கு, கடலை மிட்டாய் எதுவானாலும் உணவு உணவுதான், அதையும் அறிவிக்க வேண்டும். அறிவித்துவிட்டால் அதிகபட்சம் பறிமுதல் செய்வார்கள். அறிவிக்காமல் மாட்டினால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம்.

இன்னொன்று. அந்த நாட்டில் விபத்தில் காயம்பட்டால், வெளிநாட்டுப் பயணியானாலும் ஏசிசி என்ற அரசுத் திட்டம் சிகிச்சைச் செலவில் பெரும்பகுதியை ஏற்கும். நோய்க்கு அது பொருந்தாது, பயணம் ரத்தாவதற்கும் பொருந்தாது. ஆகவே பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கால்களுக்குப் பழக்கம்

தொடங்கும் இடம் மங்காதேபோபோ, கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,120 மீட்டர். உச்சம் சிவப்பு எரிமலை வாயின் விளிம்பு, 1,900 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. முடியும் இடம் கேதேதாஹி, சுமார் 760 மீட்டர். ஆக, ஏறுவதைவிட இறங்குவதே அதிகம், ஆயிரம் மீட்டருக்கும் மேல். மூச்சைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் முழங்காலை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். வாரத்தில் மூன்று நாள் வேக நடை, ஒரு நாள் படிக்கட்டு. வீட்டருகே படிகள் உள்ள மலைக்கோயில் இருந்தால் அதைவிட நல்ல பயிற்சிக்கூடம் இல்லை. நான்கைந்து கிலோ எடையுள்ள பையோடு ஏறி, நிதானமாக இறங்குங்கள். இறங்கும்போதுதான் தொடைக்குப் பயிற்சி. கிளம்பும் முன் ஒரு முறையாவது, அதே காலணியோடு 15 கிலோமீட்டர் ஒரே மூச்சில் நடந்து பாருங்கள். எங்கே கடிக்கிறது, எங்கே கொப்புளம் வருகிறது என்பது அன்று தெரிந்துவிடும்.

பையில் என்ன

உடைதான் முதலில். பருத்தி வேண்டாம். வியர்வையில் நனைந்த பருத்தி பனியன் மேலே காற்றில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி அல்லது செயற்கை இழைச் சட்டை, அதன்மேல் ஃப்ளீஸ், எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத, தொப்பி வைத்த ஜாக்கெட். மழைக்கால்சட்டை, கம்பளித் தொப்பி, கையுறை. இவை ஜனவரியிலும் வேண்டும். ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் ஏறும்போதும் வெப்பம் 6 அல்லது 7 டிகிரி குறையும். அதோடு காற்றும் சேர்ந்தால், கீழே டி-ஷர்ட்டில் நின்றவர் மேலே விரல் மரத்துப் போய் நிற்பார்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், வெயில் நாளென்றால் மூன்று. இது பேரம் பேச முடியாத கணக்கு. வழியில் ஓடைகள் உண்டு, ஆனால் எரிமலைப் பாறையின் தாதுக்கள் கரைந்த நீர் அது, குடிக்க உதவாது. சன்ஸ்கிரீனும் கறுப்புக் கண்ணாடியும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நாட்டில் புற ஊதாக் கதிர் கடுமை, குளிராக இருக்கும் நாளிலும் தோல் கருகும். மதிய உணவுக்குச் சப்பாத்திச் சுருளோ எலுமிச்சைச் சாதமோ தோதாக இருக்கும். ஆக்லாந்தில் இந்திய மளிகைக் கடைகள் நிறைய, பொருட்களை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கூடவே கடலை, பேரீச்சை, சாக்லேட் என்று நடந்தபடியே கொறிக்க ஏதாவது. தலைவிளக்கு, கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை, கழிவறைக் காகிதம், குப்பைப் பை. கழிவறைகள் சில இடங்களில் மட்டும்தான், தொடக்கத்திலேயே போய்விடுவது நல்லது. குப்பைத்தொட்டி வழியில் கிடையாது.

செல்பேசிச் சிக்னல் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். கைடு இல்லாமல் போனால், செயற்கைக்கோள் வழி அபாயக் குறி அனுப்பும் சிறு கருவியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் இருந்தால் அவசர எண் 111. ட்ரோனைத் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள், தனி அனுமதி இல்லாமல் பூங்காவில் பறக்கவிட முடியாது.

முந்தைய நாள் மாலை

தங்குவதற்கு நேஷனல் பார்க் வில்லேஜ், ஃபாக்காபாபா கிராமம், தூராங்கி ஆகியவை அருகில். தவுப்போ சற்றுத் தூரம், ஆனால் கடைகள் அதிகம். ஆக்லாந்திலிருந்து காரில் நாலரை ஐந்து மணி நேரம். ரயில் பிடிக்கும் என்றால், ஆக்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் இடையே ஓடும் நார்தர்ன் எக்ஸ்புளோரர் நேஷனல் பார்க் நிலையத்தில் நின்று போகும்.

அன்று மாலை மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது மலை வானிலை. நகரத்துக்கான முன்னறிவிப்பை விட்டுவிட்டு, நியூசிலாந்து வானிலை நிறுவனமான மெட்சர்வீஸ் இந்தப் பூங்காவுக்கென்று தரும் மலை முன்னறிவிப்பைப் பாருங்கள். மழையைவிடக் காற்றின் வேகத்தைக் கவனியுங்கள். மணிக்கு 60, 65 கிலோமீட்டரைத் தாண்டும் என்றால் முகட்டில் நிலையாக நிற்பதே கடினம்.

இரண்டாவது எரிமலையின் நிலை. ஜியோநெட் என்ற அமைப்பு நாட்டின் எரிமலைகளைக் கருவிகள் வைத்துக் கண்காணித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை எச்சரிக்கை நிலை அறிவிக்கிறது. 0 என்றால் அமைதி. 1, 2 என்றால் உள்ளே சலனம். 3 முதல் வெடிப்பு. எண் ஏறினால் டாக் பாதையையோ அதன் ஒரு பகுதியையோ மூடிவிடும். ஆனால் 0 என்பது உத்தரவாதம் அல்ல. நீராவி வெடிப்புகள் முன்னறிவிப்பே இல்லாமல் நிகழக்கூடியவை.

மூன்றாவது டாக் தளத்தில் பாதை திறந்திருக்கிறதா என்ற அறிவிப்பு. நீங்கள் வரும் நாளையும் அங்கே பதிவு செய்துவிடலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.

போக்குவரத்து ஒரு சின்னப் புதிர். தொடக்கமும் முடிவும் வெவ்வேறு இடம். மங்காதேபோபோவில் கோடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்த முடியாது, நடைக்கு அது போதாது. கைடோடு போனால் அவர்களே அழைத்துப் போய் மறுமுனையில் ஏற்றிக்கொள்வார்கள். சொந்தமாகப் போவதென்றால், காரைக் கேதேதாஹி முனைக்கு அருகிலுள்ள கட்டண நிறுத்தத்தில் விட்டுவிட்டு, காலையில் ஷட்டிலில் தொடக்கத்துக்குப் போங்கள். அப்படிச் செய்தால் நடந்து முடித்ததும் கார் காத்திருக்கும், கடைசி வேனைப் பிடிக்கக் கல்லில் இடறி ஓட வேண்டியதில்லை.

நடை

மங்காதேபோபோ பள்ளத்தாக்கின் தொடக்கம் சமதளம் போலத்தான். ஒரு காலத்தில் பனியாறு செதுக்கிய பள்ளத்தாக்கு இது. இப்போது புல்லும் பாசியும் மரப்பலகைப் பாதையுமாகக் கிடக்கிறது. வலப்பக்கம் ஙாவுருஹோய், 2,287 மீட்டர், வரைந்து வைத்தாற்போன்ற கூம்பு. புவியியலாளர் கணக்கில் அது தனி மலைகூட இல்லை, டோங்காரிரோவின் வாய்களில் ஒன்று, வயது சுமார் 2,500 ஆண்டுகள். எரிமலைகளில் அது குழந்தை வயது. கடைசியாக 1975இல் வெடித்தது. சரிவில் கன்னங்கரேலென்று வழிந்து உறைந்திருக்கும் லாவா நாக்குகளில் 1949லும் 1954லும் வந்தவை உண்டு. கைடை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். பழைய லாவாவில் பாசி ஏறியிருக்கும், புதியதில் அவ்வளவாக இராது. அதை வைத்தே மூத்தது எது, இளையது எது என்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஒன்றரை மணி நேரத்தில் சோடா ஊற்று. இங்கேதான் நின்று யோசிக்க வேண்டும். இதற்கு மேல் செங்குத்து ஏற்றம், வானிலையும் கடுமையாகும். இவ்வளவு தூரம் வரை திரும்புவது எளிது. மேலே மேகம் மூடியிருக்கிறதா, குழுவில் யாராவது ஏற்கெனவே தடுமாறுகிறார்களா, கொண்டுவந்த தண்ணீரில் பாதி போய்விட்டதா? இவற்றில் எதற்காவது ஆம் என்றால் வந்த வழியே திரும்புங்கள். இதுவரை பார்த்ததே ஒரு முழு நடைக்குப் போதுமானது. கைடு திரும்பலாம் என்று சொன்னால் விவாதிக்க வேண்டாம்.

அடுத்தது பேய்ப் படிக்கட்டு என்று பெயர் வாங்கிய ஏற்றம். 1,400 மீட்டரிலிருந்து 1,600 வரை கொண்டு சேர்க்கிறது. பெயர்தான் பயமுறுத்துகிறது, இப்போது படிகள் ஒழுங்காகக் கட்டப்பட்டிருக்கின்றன. பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏறுங்கள். பேச்சு தடைப்பட்டால் வேகம் அதிகம் என்று பொருள்.

மேலே போனதும் தெற்குக் கிரேட்டர். பெயர் அப்படி, உண்மையில் அது எரிமலை வாய் இல்லை. இரு மலைகளுக்கும் நடுவே படிவுகள் நிரம்பி உண்டான தட்டையான கிண்ணம். மூடுபனியில் திசை தெரியாமல் போவது இங்கேதான், வழிக்கம்பங்களை விட்டு விலகாதீர்கள். முன்பெல்லாம் இங்கிருந்து ஙாவுருஹோய் உச்சிக்கு ஏறுவார்கள். ஒரு ஹாலிவுட் படத்தில் தீய மலையாக வந்ததால் அந்த மோகம் இன்னும் கூடியது. இப்போது பாதைப் பலகைகளிலிருந்தே அந்த வழி எடுக்கப்பட்டுவிட்டது. இந்த மண்ணின் மாவோரி மக்களுக்குச் சிகரங்கள் முன்னோர்கள். ஏற வேண்டாம் என்று அவர்களும் டாக்கும் கேட்டுக்கொள்கிறார்கள்.

இந்த வேண்டுகோளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1887இல் ஙாத்தி தூஃபாரேதோவா மக்களின் தலைவர் ‘ஹொரோனுக்கு தே ஹெயுஹெயு துக்கினோ’ என்பவர், இந்தச் சிகரங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுவிடுமோ என்ற நெருக்கடியில் அவற்றை அரசுக்கு அளித்தார். நியூசிலாந்தின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது. 1990இல் இயற்கைச் சிறப்புக்காக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மலைக்கும் மக்களுக்குமான உறவுக்காக 1993இல் பண்பாட்டுச் சிறப்பும் சேர்க்கப்பட்டது. அவ்வகையில் அங்கீகாரம் பெற்ற முதல் இடம் உலகிலேயே இதுதான்.

தெற்குக் கிரேட்டரிலிருந்து சிவப்பு வாய்க்கு ஏறும் முகடுதான் அன்றைய நாளின் கடினமான பகுதி. காற்று இருபுறமும் தள்ளும். ஊன்றுகோலின் அருமை இங்கே தெரியும். விளிம்பை அடைந்ததும் காற்றுக்கு முதுகைக் கொடுத்து நின்று உள்ளே பாருங்கள். பாறையிலுள்ள இரும்பு, உயர் வெப்பத்தில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து துருவேறியதால் வந்த சிவப்பு அது. எதிர்ச்சுவரில் பெரிய நீளமான பிளவு ஒன்று தெரியும். கீழிருந்து பாறைக்குழம்பு ஏறி வந்த வழி அது. ஓரங்கள் உறைந்துவிட, நடுவில் இருந்த குழம்பு பின்னர் வடிந்துபோய் வெற்றுக் கூடாக நிற்கிறது. எரிமலையின் தொண்டையை இவ்வளவு பக்கத்தில் பார்க்கக் கிடைக்கும் இடங்கள் குறைவு.

அழுகிய முட்டை நாற்றமும் அடிக்கும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அது. மழையும் பனியும் பாறை இடுக்குகள் வழியே கீழிறங்கி, சூடான பாறையைத் தொட்டு ஆவியாகி, ஆழத்திலிருந்து வரும் வாயுக்களோடு கலந்து மேலே வருகின்றன. குளிரில் தரையைத் தொட்டால் சில இடங்களில் கதகதப்பு தெரியும். அதற்காகப் பாதையை விட்டு ஆவி வரும் இடத்துக்குப் போகாதீர்கள். மேல்தரை மெலிதாக, அடியில் கொதிசேறாக இருக்கக்கூடும். கனமான வாயுக்கள் பள்ளங்களில் தங்கும் என்பதால் குழிவான இடத்தில் உட்கார்ந்து இளைப்பாறுவதும் வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் மருந்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

இங்கே கைடுகள் பெரும்பாலும் ஙாதோரோஇராங்கியின் கதையைச் சொல்வார்கள். மாவோரி முன்னோர் கடல் தாண்டி வந்த படகுகளில் ஒன்றான தே அராவாவில் வந்த பெரும் பூசாரி அவர். டோங்காரிரோ உச்சியில் குளிரில் உயிர் போகும் நிலையில், தொலைதூரத் தாயகமான ஹவாய்க்கியில் இருந்த தன் சகோதரிகளைத் தீ அனுப்பச் சொல்லி அழைத்தார். கடலடியாகவும் நிலத்தடியாகவும் வந்த தீ, வக்காரி, ரோட்டோருவா, தவுப்போ என்று வழியில் தலைகாட்டி, கடைசியில் இந்த மலையில் பீறிட்டது. வரைபடத்தில் அந்த இடங்களைப் புள்ளி வைத்து இணைத்துப் பாருங்கள். இன்றைய புவியியல் தவுப்போ எரிமலை வலயம் என்று வரைந்திருக்கும் கோடு ஏறத்தாழ அதே கோடு. பசிபிக் தட்டு ஆஸ்திரேலியத் தட்டுக்கு அடியில் அமிழும்போது அதிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. பாறை உருகுகிறது, குழம்பு மேலேறுகிறது.

சிவப்பு வாயிலிருந்து மரகத ஏரிகளுக்கு இறங்கும் சரிவு, சறுக்கும் சரளை. இந்த நடையில் விழுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். பயந்து பின்னால் சாய்ந்தால் கால் வழுக்கிவிடும். முழங்காலைச் சற்று மடக்கி, உடம்பை நேராக வைத்து, குதிகாலை ஊன்றி ஊன்றி இறங்குங்கள், ஒவ்வோர் அடியும் அரை அடி சறுக்கி நிற்கும். காலணி வார்களை இறுக்கிக் கட்டுங்கள். முன்னால் போகிறவருக்கு நேர் பின்னால் போகாதீர்கள், உங்கள் காலில் உருளும் கல் அவர் குதிகாலைப் பதம் பார்க்கும். செல்ஃபியை நின்று எடுங்கள், நடந்துகொண்டே வேண்டாம்.

ஏரிகளின் பச்சை, வெப்பப் பாறைகளிலிருந்து கரைந்து வரும் தாதுக்களால் வருவது. அமில நீர். சற்றுத் தள்ளி உயரத்தில் இருக்கும் நீல ஏரி இன்னொரு பழைய எரிமலை வாயில் தேங்கிய குளிர்ந்த நீர். அது மாவோரி மரபில் ‘தப்பு’, அதாவது புனிதம் கருதி விலக்கப்பட்டது. அந்தச் சொல் நம் காதுக்கு வேறு மாதிரி ஒலித்தாலும் நடைமுறை ஒன்றுதான்: நீரைத் தொடக்கூடாது, கரையில் உட்கார்ந்து சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. மதிய உணவை ஏரிக்கரைகளிலிருந்து நன்றாக விலகி, காற்று மறைந்த ஓரிடத்தில் முடித்துக்கொள்ளுங்கள். எங்கே என்று கைடு சொல்வார். கோயில் குளத்தில் காலைக் கழுவாத நமக்கு இதைப் புரிய வைக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை.

நீல ஏரிக்குப் பிறகு பாதை மலையின் வடக்குச் சரிவைச் சுற்றி இறங்கத் தொடங்கும். எதிரே தவுப்போ ஏரி தெரியும். அதுவும் ஒரு மாபெரும் எரிமலையின் இடிந்த வாய்தான். இடையில் கேதேதாஹி ஒதுங்கிடம். அருகில் ஆவி எழும் வெந்நீர் ஊற்றுகள் தனியார் மாவோரி நிலத்தில் உள்ளவை, அங்கே போக அனுமதி இல்லை.

இந்தச் சரிவில்தான் 2012இன் தடம் இருக்கிறது. ஆகஸ்ட் 6 நள்ளிரவுக்குச் சற்று முன், தே மாரி வாய் நூறாண்டுக்கும் மேலான உறக்கத்திலிருந்து வெடித்தது. பாறைகள் பறந்து வந்து அப்போது தங்கும் குடிலாக இருந்த கேதேதாஹியின் கூரையைத் துளைத்தன. அன்றிரவு உள்ளே யாரும் இல்லை. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று பட்டப்பகலில் மறுபடி வெடித்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் பாதையில் இருந்தார்கள், நல்லவேளையாக யாருக்கும் காயமில்லை. அதன்பிறகு அங்கே யாரும் இரவு தங்குவதில்லை. இளைப்பாறும் இடம் மட்டும்தான்.

அப்புறம் முடிவே இல்லாதது போல் வளைந்து வளைந்து இறங்கும் பாதை, கடைசியில் அடர்ந்த காடு. நேர்மையாகச் சொன்னால் இந்த இரண்டு மணி நேரம் சலிப்பு. முழங்கால் வலிக்கும், காட்சி மாறாது. கடைசிச் சாக்லேட்டை இதற்கென்று வைத்திருங்கள்.

வெடித்தால்?

வாய்ப்பு குறைவு, ஆனால் கிளம்பும் முன் மனதில் பதிய வைத்துக்கொள்ள வேண்டியது இது. எச்சரிக்கை விளக்குள்ள பலகைகள் பாதையில் உண்டு, சிவப்பு மின்னினால் திரும்ப வேண்டும். வெடிப்பு தொடங்கிவிட்டால் படம் பிடிக்க நிற்காதீர்கள். முதலில் மேலே பாருங்கள், கல் பறந்து வருகிறதா என்று. வந்தால் பெரிய பாறைக்கோ மேட்டுக்கோ பின்னால் ஒதுங்கி, முதுகுப்பையால் தலையை மறையுங்கள். கல் ஓய்ந்ததும் எரிமலை வாயிலிருந்து விலகிப் போங்கள். பள்ளத்தாக்கையும் ஓடைப் படுகையையும் விட்டு மேட்டுக்கு ஏறுங்கள். சூடான மேகமும் சேற்று வெள்ளமும் பள்ளத்தில்தான் ஓடும். 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, ருவாபெஹுவின் ஏரியிலிருந்து உடைத்துக்கொண்டு வந்த சேற்று வெள்ளம் தாங்கிவாய் என்ற இடத்தில் ரயில் பாலத்தை அரித்துவிட, ரயில் ஆற்றுக்குள் விழுந்து 151 பேர் இறந்தார்கள். அன்று எரிமலை வெடிக்கக்கூட இல்லை.

இறங்கிய பிறகு

திரும்பி வந்துவிட்டீர்கள் என்பதை, காலையில் யாரிடம் சொல்லிவிட்டுப் போனீர்களோ அவர்களிடம் சொல்லுங்கள். இல்லையென்றால் தேடத் தொடங்கிவிடுவார்கள். காலணியைக் கழுவுங்கள், அடுத்த பூங்காவுக்குக் களைவிதையைக் கொண்டுபோக வேண்டாம்.

காலையில் மேலே ஆவியாகப் பார்த்த அதே நிலத்தடிச் சூட்டில் குளிக்க ஆசை என்றால், தூராங்கிக்குப் பக்கத்தில் தோக்கானு வெந்நீர்க் குளங்கள் இருக்கின்றன. கொதிசேற்றுக் குமிழிகளைப் பார்த்தபடி நடக்கச் சிறு நடைபாதையும் அங்கே உண்டு. வலித்த தொடைக்கு அந்தச் சூடு இதம். பத்து இருபது நிமிடத்துக்கு மேல் ஊறாதீர்கள், தண்ணீர் குடித்துவிட்டு இறங்குங்கள். தலையை மட்டும் நீருக்குள் முக்க வேண்டாம். நிலத்தடி வெந்நீரில் அரிதாக இருக்கும் ஒரு வகை அமீபா மூக்கு வழியே போய் மூளையைத் தாக்கக்கூடும் என்பதால், அந்த நாட்டின் வெந்நீர்க் குளங்களில் இதைப் பலகையில் எழுதியே வைத்திருப்பார்கள். கழுத்துவரை போதும்.